பஃபலோவின் 1977 பனிப்புயல்: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோவுக்கு நான் குடிவந்து பதினெட்டு வருடம் ஆகிறது. தை பிறந்து இரண்டு வாரம் ஆனதும் இந்த ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். கடையில், பேருந்தில், முடிவெட்டும் இடத்தில், எங்கே போனாலும் யாராவது ஒரு பெரியவர் "எழுபத்தேழுல…" என்று ஆரம்பிப்பார். புதிதாக வந்த நம்மவர்கள், முக்கியமாகப் படிக்க வந்த பிள்ளைகள், அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து விசாரிப்பார்கள். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். 1977இல் அவர் நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த இளம்பெண். அவர் சொன்னவை சில இடங்களில் வரும்.

எழுபத்தேழு, எழுபத்தேழுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்படி என்னதான் நடந்தது?

1977 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. காலையில் வேலைக்குக் கிளம்பியவர்களுக்கு அது இன்னொரு குளிர்கால நாள்தான். பதினொன்றரை மணி வாக்கில் தென்மேற்கே ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் நகர்ந்து வந்தது. சில நிமிடங்களில் எதிர்வீடு மறைந்தது. நான்கு மணி நேரம் சொச்சத்தில் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 18க்கு விழுந்தது. காற்றின் உச்ச வேகம் மணிக்கு 111 கிலோமீட்டர். அன்று பகலில் மறைந்த கண்பார்வை, மறுநாள் மதியம் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், திரும்பவே இல்லை.

அப்புறமும் புயல் ஓயவில்லை. விட்டுவிட்டு பிப்ரவரி 1 வரை அடித்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியும் கனடாவின் நயாகரா பகுதியும் முடங்கிக் கிடந்தன. 29 பேர் இறந்தார்கள். இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்க்கதைகளில் பெரும்பாலும் இது கடைசியில்தான் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை.

மொத்தம் எத்தனை அடி பனி கொட்டுச்சு? பத்து அடியா, இருபது அடியா?

ஓர் அடி. ஆமாம், ஒரே ஓர் அடிதான். அந்த நாலைந்து நாட்களில் பஃபலோவில் புதிதாகப் பெய்த பனி சுமார் 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர். இந்த ஊருக்கு அது பெரிய விஷயமே இல்லை. இங்கே டிசம்பரில் சில வாரங்களில் அவ்வளவு பெய்துவிடும்.

ஆனால் பெரியவர்கள் "மாடி ஜன்னல் வரைக்கும் இருந்தது" என்று சொல்வதும் உண்மைதான். சில இடங்களில் காற்று குவித்த மேடுகள் 25, 30 அடி உயரம் வரை எழும்பின. வீட்டு வாசல் மூடிப்போய் மாடி ஜன்னல் வழியாக வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். பெய்தது ஓர் அடி, குவிந்தது இருபத்தைந்து அடி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

பெய்யவே இல்லைன்னா அவ்வளவு பனி எங்கிருந்து வந்துச்சு?

ஏரியிலிருந்து. பஃபலோ ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 388 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. பெரிய காற்று வரும் திசையும் பெரும்பாலும் அதேதான். நீளமான தெருவின் முனையில் வீடு இருந்தால் தெருவின் தூசி முழுவதும் வாசலுக்கே வரும் இல்லையா, அப்படி.

ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரிதான்; சராசரி ஆழம் 19 மீட்டர். அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும், சீக்கிரம் உறைந்துவிடும். அந்த ஆண்டு குளிர் முன்பே வந்து, 1976 டிசம்பர் 14ஆம் தேதியே ஏரி உறைந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரமாக அதற்கு முன் உறைந்ததாகப் பதிவு இல்லை. அதற்குப் பிறகு ஆறு வாரம் பெய்த பனி தண்ணீரில் விழுந்து கரையவில்லை. உறைந்த ஏரியின் மேல் மாவு சலித்துக் கொட்டியதுபோல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. குளிர் விடாததால் அது உருகி இறுகவும் இல்லை. ஜனவரி 28 அன்று காற்று அந்த மாவு முழுவதையும் வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டியது.

பனி பெய்யலைன்னா அதைப் பனிப்புயல்னு சொல்லலாமா?

சொல்லலாம். நம் மொழியில் பனி என்ற ஒரே சொல் மார்கழி விடிகாலை ஈரத்துக்கும், மலையில் கிடக்கும் வெள்ளைக்கும், உறைந்த கட்டிக்கும் சேர்ந்தே வருவதால் இந்தக் குழப்பம் வருகிறது. அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கில் பிளிசர்டு, அதாவது பனிப்புயல், என்பதற்கு மூன்று நிபந்தனைகள்: மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று, காற்றில் பறக்கும் பனியால் பார்வைத் தூரம் 400 மீட்டருக்கும் குறைவு, இந்த நிலை மூன்று மணி நேரமாவது நீடிப்பது. அந்தப் பனி வானத்திலிருந்து விழுந்ததா, தரையிலிருந்து கிளம்பியதா என்று அந்த வரையறை கேட்பதில்லை.

ஏரி உறைஞ்சுட்டா பனி குறையும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க நேர்மாறா சொல்றீங்களே?

நல்ல கேள்வி. இரண்டுமே சரி. ஏரி திறந்திருக்கும்போது அதன் வெதுவெதுப்பான நீரின் மேல் குளிர்காற்று ஓடி, ஈரத்தை உறிஞ்சி, கரை ஏறியதும் பனியாகக் கொட்டும். இங்கே இதை 'லேக் எஃபெக்ட்' என்பார்கள். ஏரி உறைந்தால் மூடி போட்டதுபோல் அந்த ஈரம் நின்றுவிடும். அதனால்தான் ஏரி உறைந்த செய்தி கேட்டதும் ஊர் மூச்சு விடும்.

1977இலும் அப்படித்தான் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஏரியின் ஈரத்திலிருந்து புதிய பனி உருவாவது நின்றது என்னவோ நிஜம். ஆனால் பழைய பனி கரையாமல் தேங்கிக் கிடக்க அந்த மூடியே தளமாகிவிட்டது. பாதுகாப்பு என்று நினைத்த ஒன்றே இருப்புக் கிடங்காக மாறிய கதை இது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஆச்சரியம் குறையாத இடம் இதுதான்.

முன்கூட்டியே யாரும் சொல்லலையா?

சொன்னார்கள். வெள்ளி காலை 11 மணிக்குப் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. ஆனால் அந்தச் சுவர் அடுத்த அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. எல்லோரும் அதற்குள் வேலையிடத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை காதில் விழுந்து, மேசையை ஒதுக்கி, கோட்டை மாட்டி, வண்டியைக் கிளப்புவதற்குள் தெரு மறைந்துபோயிற்று. பக்கத்து வீட்டுப் பாட்டி, தானும் கூட வேலை பார்த்தவர்களும் ஜன்னலருகே நின்று எதிர்க் கட்டிடம் மாடி மாடியாக மறைவதைப் பார்த்ததாகச் சொல்வார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸிலிருந்தே அநேகமாக தினமும் பனி பெய்திருந்தது. தெருவோரங்களில் ஏற்கெனவே இடுப்பளவு கிடந்தது. பனி வாரும் வண்டிகளில் பல பழுதாகி நின்றன. ஊர் களைத்துப்போயிருந்த நேரத்தில் வந்த அடி அது.

அந்த வருஷம் கேஸ் தட்டுப்பாடும் இருந்துச்சாமே?

இருந்தது. அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுவதும் அந்த ஜனவரியில் நடுங்கியது. மயாமியில்கூட ஜனவரி 19 அன்று பனித்துகள் விழுந்தது. வீடுகளைச் சூடாக்கும் இயற்கை எரிவாயு போதவில்லை. பல ஊர்களில் பள்ளிகளையும் தொழிற்சாலைகளையும் மூடி வீடுகளுக்கு மிச்சம் பிடித்தார்கள். புயல் வந்தபோது பஃபலோ பகுதியிலும் இந்த நெருக்கடி இருந்தது. ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாகப் பதவியேற்று அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

வேலைக்குப் போனவங்க எல்லாம் எங்க தங்கினாங்க?

இருந்த இடத்திலேயே. நகர மையத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள். அலுவலகம், கடை, மதுக்கூடம், தீயணைப்பு நிலையம், ஹோட்டல் வராந்தா என்று கதவு திறந்த இடத்திலெல்லாம் ஆட்கள் படுத்தார்கள். ஊரின் நினைவில் மிக இனிப்பாகத் தங்கியிருப்பது இந்தப் பகுதிதான். முன்பின் தெரியாதவர்கள் ஒரே கம்பளத்தைப் பகிர்ந்துகொண்டது, ஹோட்டல் சமையற்காரர் இருந்ததையெல்லாம் போட்டு எல்லோருக்கும் சூப் வைத்தது, சீட்டுக் கச்சேரி, பாட்டு.

பாட்டி மூன்று இரவு அலுவலகத்தில் இருந்தார். முதல் நாள் இரவு பிறந்தநாள் கேக் ஒன்று இருந்ததாம், அதைப் பதினாறு துண்டாக வெட்டினார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். கொஞ்சம் பொறுத்து, "அம்மாவுக்குத் தொலைபேசி கிடைத்தது சனிக்கிழமை சாயங்காலம்தான்" என்பார். அந்த ஒன்றரை நாள் அவர் அம்மா என்ன பாடுபட்டிருப்பார் என்பதை அவர் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை.

வானொலிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இன்னார் இங்கே பத்திரமாக இருக்கிறார், இன்ன வீட்டுக்கு மருந்து வேண்டும் என்று நிலையங்கள் அறிவித்துக்கொண்டே இருந்தன. பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி வைத்திருந்தவர்கள் அந்தச் செய்தியைக் கேட்டு மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள், செவிலியர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார்கள்.

செத்தவங்க எப்படிச் செத்தாங்க? வீட்டுக்குள்ளயே இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே?

வீட்டுக்குள் இருக்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைக்கவில்லை. புயல் வந்த நேரத்தைப் பாருங்கள்: வெள்ளிக்கிழமை நடுப்பகல். வீடு திரும்பப் பார்த்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். 29 பேரில் 9 பேரைப் பனியில் புதைந்த கார்களுக்குள் கண்டெடுத்தார்கள். வேறு சிலருக்குப் பனி வாரும்போது மாரடைப்பு வந்தது.

காருக்குள் இரண்டு வழியில் சாவு வரும். ஒன்று குளிர். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. சூட்டுக்காக இன்ஜினை ஓட விடுவார்கள். பறந்து வரும் பனி புகைக்குழாயின் வாயை அடைத்துவிடும். புகை உள்ளே திரும்பும். அதிலிருக்கும் அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

இறங்கி நடந்து போயிருக்கலாமே? ஊருக்குள்ள தானே இருந்தாங்க?

சென்னையிலிருந்து என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. நானும் 2022 வரை மனதுக்குள் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டிசம்பரில் எங்கள் வாசலிலிருந்து கார் நிற்கும் இடம் வரை, பன்னிரண்டு அடி தூரம், போய்த் திரும்பியபோதுதான் பதில் கிடைத்தது. கையை நீட்டினால் கை தெரியவில்லை. முகத்தில் மணல் வாரி அடிப்பதுபோல் இருந்தது. மேலும் கீழும் ஒரே வெள்ளையாக இருந்ததில் கால் எங்கே படுகிறது என்றே புரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தேன். சுவர் இல்லாத சாலையில் ஒருவர் என்ன செய்வார்?

அதனால்தான் இங்கே சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்: வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்காதே. உதவி செய்ய வருபவர்களுக்கு மனிதனைவிட வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. மற்றவற்றைக் கடைசிக்கு முந்தின பதிலில் சொல்கிறேன்.

மைனஸ் அறுபது டிகிரி குளிர்னு சொல்றாங்க. நம்பவே முடியலையே?

அது தெர்மாமீட்டர் காட்டிய எண் இல்லை. காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர். அப்போதைய பேச்சில் அது ஃபாரன்ஹீட், செல்சியஸில் மைனஸ் 51. அந்தக் கணக்குமுறையை 2001இல் மாற்றிவிட்டார்கள். பழைய முறை குளிரைக் கூட்டிக் காட்டியது. புதிய முறையில் போட்டால் மைனஸ் 35, 40 செல்சியஸ் அளவில் வரும். ஆகப் பெரியவர்கள் புளுகவில்லை. அன்றைக்கு வானொலியில் கேட்ட எண்ணையே சொல்கிறார்கள். புதிய எண்ணிலும் மூடாத தோல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உறைந்துபோகும்.

மிருகக்காட்சிசாலையில இருந்து மான் தப்பிச்சு ஓடினது கதையா, நிஜமா?

நிஜம். பஃபலோ மிருகக்காட்சிசாலையில் காற்று குவித்த மேடு வேலியின் உச்சியை எட்டிவிட்டது. மூன்று கலைமான்கள் அந்த மேட்டில் ஏறி, வேலிக்கு மேலாகவே நடந்து தெருவுக்கு வந்துவிட்டன. வடதுருவத்துப் பிராணிகள் அல்லவா, அந்த ஊரில் அன்றைக்குச் சௌகரியமாக நடமாடியவை அவைதான். பிள்ளைகளுக்கு இந்தப் புயலைச் சொல்ல ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அவ்வளவு பனியையும் எப்படி அள்ளினாங்க?

மெதுவாக, ரொம்ப மெதுவாக. காற்றில் அடிபட்டு வரும் பனித்துகள்களின் முனை உடைந்து பொடியாகிவிடும். பொடி நெருக்கமாக அடைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சிமென்ட் போல் இறுகும். அதன் மேல் ஆள் நடந்தால் கால் பதியாது. முன்னால் தகடு மாட்டிய சாதாரண பனி வண்டியால் அதை ஒதுக்க முடியவில்லை. கட்டுமான வேலைக்கான பெரிய வாரி இயந்திரங்கள் வந்து வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே கார் இருக்கிறதா, காருக்குள் ஆள் இருக்கிறாரா என்று தெரியாததால் கம்பை விட்டுக் குத்திப் பார்த்துத்தான் தோண்டினார்கள்.

மாநில ஆளுநர் ஹியூ கேரி தேசியக் காவற்படையை அனுப்பினார். வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாமிலிருந்து ராணுவ வீரர்களும் வந்தார்கள். நிலைமையை நேரில் பார்த்து வரக் கார்ட்டர் தம் மகனை அனுப்பினார். பிப்ரவரி 5 அன்று பெரும் பேரிடர்ப் பகுதி என்று மத்திய அரசு அறிவித்தது. ஒரு பனிப்புயலுக்காக அப்படி அறிவித்தது அதுதான் முதல் முறை. ஊருக்குள் வண்டி ஓட்டத் தடை போட்டார்கள். தடையை மதிக்காமல் வேடிக்கை பார்க்க வந்து சிக்கிக்கொண்ட வண்டிகளே அள்ளும் வேலைக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தன என்று அந்த வேலையில் இருந்த ஒருவர் என்னிடம் இன்றும் கோபமாகச் சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. தீயணைப்பு வண்டி போக வேண்டிய தெருவில் வேடிக்கைக்காரரின் கார் நின்றால் எரிவது யாருடைய வீடு?

நாங்க டொராண்டோ. எங்க பக்கமும் இது வந்துச்சா?

டொராண்டோவுக்கு இந்த அடி விழவில்லை. உங்கள் பக்கத்தில் அடி வாங்கியது ஏரியின் வடகரை: ஃபோர்ட் ஈரி, போர்ட் கோல்போர்ன், வெயின்ஃப்ளீட். அதே உறைந்த ஏரி, அதே காற்று. அங்கே பள்ளிக்குப் போன பிள்ளைகள் வீடு திரும்ப முடியாமல் பள்ளியிலேயே தங்கினார்கள். நீங்கள் அமெரிக்கா வரும்போது கடக்கும் பீஸ் பிரிட்ஜின் இரண்டு முனைக்கும் இந்த நினைவு சொந்தம். அடுத்த முறை பாலத்தின் மேல் வரும்போது தென்மேற்கே பாருங்கள். அந்தப் பனி எந்த வழியாக வந்தது என்பது சொல்லாமலே தெரியும்.

எங்க வீட்டு ஓனர் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒத்துப்போகலையே. அவர் மேயர் பீர் குடிக்கச் சொன்னார்ங்கிறாரே?

உங்கள் வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு புயலைக் கலந்துவிட்டார். அந்தப் பேச்சு 1985 ஜனவரிப் புயலுக்கானது. அப்போதைய மேயர் ஜிம்மி கிரிஃபின், வெளியே வராதீர்கள், ஒரு சிக்ஸ்பேக் (ஆறு பீர் கொண்ட கட்டு) வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து கால்பந்து பாருங்கள் என்ற பொருளில் சொன்னார். 1977இல் மேயர் ஸ்டான்லி மகோவ்ஸ்கி. அதே வருடம் நவம்பரில் நடந்த தேர்தலில்தான் கிரிஃபின் ஜெயித்தார்.

இன்னொரு கலப்பும் அடிக்கடி நடக்கிறது. 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் பாஸ்டன் பக்கம் ஒரு பெரும்புயல் வந்தது. அது கடலிலிருந்து வந்தது. அங்கே உண்மையாகவே வானத்திலிருந்து 27 அங்குலம் கொட்டியது. நெடுஞ்சாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் புதைந்தன. இந்த இரண்டு புயலின் படங்களும் ஒன்றோடொன்று கலந்துதான் சுற்றுகின்றன. அப்புறம், 1976-77 குளிர்காலம் முழுவதும் பஃபலோவில் பெய்தது 199.4 அங்குலம், ஐந்து மீட்டருக்கும் மேல். அது இன்றும் இந்த ஊரின் சாதனை. பலர் அந்த முழுப் பருவத்தையும் நாலு நாள் புயலுக்குள் அடைத்துச் சொல்வார்கள். ஐம்பது வருடம் பழகிய நினைவு அப்படித்தான் இருக்கும். நான் திருத்துவதில்லை, ஆண்டை மட்டும் மெல்லக் கேட்டுக்கொள்வேன்.

2022 டிசம்பர்ல வந்ததுதான் பெரிசுன்னு சிலர் சொல்றாங்க. எது பெரிசு?

2022இல் டிசம்பர் 23 முதல் 27 வரை. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆரம்பித்தது. ஆனால் அப்போது ஏரி உறையவில்லை. அதனால் மேலே சொன்ன லேக் எஃபெக்ட் பனியும் காற்றும் சேர்ந்து வந்தன: விமான நிலையத்தில் நாலு அடிக்கும் மேல் பெய்தது, பனிப்புயல் நிலை 37 மணி நேரம் நீடித்தது. பெய்த அளவிலும் நீடித்த நேரத்திலும் இறப்பிலும் 2022தான் பெரிது. பஃபலோ இருக்கும் ஈரி கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. 2022இல் முன்னறிவிப்பு பல நாட்களுக்கு முன்பே துல்லியமாக இருந்தது. ஆனால் வண்டி ஓட்டத் தடை வெள்ளி காலை ஒன்பதரைக்குத்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும் என்பவர்கள், கடையில் பொருள் வாங்கி வைக்கக் கையில் காசு இல்லாதவர்கள், இவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். கார்களில் இறந்தார்கள், தெருவில் இறந்தார்கள், சூடு நின்றுபோன வீடுகளில் இறந்தார்கள், ஆம்புலன்ஸ் வர முடியாமல் இறந்தார்கள். இறந்தவர்களில் கறுப்பின மக்களின் பங்கு அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். எழுபத்தேழைப் பற்றி நாற்பத்தைந்து வருடம் பேசிய ஊரில் இது நடந்தது. நாம் கலைமானையும் கேக்கையும் நினைவில் வைத்துக்கொண்ட அளவுக்கு கார்களில் இறந்த அந்த ஒன்பது பேரை வைத்துக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது.

இனிமே இப்படி வந்தா நாங்க என்ன பண்ணணும்? புதுசா வந்திருக்கோம்.

தடை வரும்வரை காத்திருக்காதீர்கள். பனிப்புயல் எச்சரிக்கை வந்தால் வெளியே போகாதீர்கள், வெளியே இருந்தால் எங்கேயாவது ஒரு கூரைக்குக் கீழே நின்றுவிடுங்கள். வீடு வந்துதான் சேர வேண்டும் என்ற எண்ணமே ஆபத்து. மேலாளர் என்ன சொன்னாலும் சரி, பிள்ளைகளுக்கு இதை நான் கறாராகவே சொல்வேன்.

நவம்பரிலேயே காரில் ஒரு கம்பளி, ஒரு மண்வாரி, டார்ச், கெட்டியான கையுறை, கொஞ்சம் கடலைமிட்டாய் மாதிரி உறையாத தின்பண்டம் வைத்துவிடுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக வேண்டாம். மாட்டிக்கொண்டால் வண்டியிலேயே இருங்கள். ஆண்டெனாவிலோ கண்ணாடியிலோ கண்ணில் படும் நிறத்தில் ஒரு துணியைக் கட்டுங்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் புகைக்குழாய் வாயைத் துடைத்துவிட்டு, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். வீட்டில் மூன்று நாளைக்கு அரிசி, பருப்பு, தண்ணீர், மருந்து இருக்கட்டும். சூட்டுக்காக அடுப்பையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் எரிக்க வேண்டாம். காருக்குச் சொன்ன அதே விஷவாயு அங்கேயும் வரும்.

தனியாக இருக்கும் வயதானவர் பக்கத்தில் இருந்தால் புயலுக்கு முந்தின நாள் ஒருமுறை கதவைத் தட்டுங்கள். மறுநாள் தட்ட முடியாமல் போகலாம்.

இங்க இருக்கிற பெரியவங்ககிட்ட இதைப் பத்திக் கேக்கலாமா? தப்பா நினைப்பாங்களா?

கண்டிப்பாகக் கேளுங்கள், சந்தோஷப்படுவார்கள். "புயல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் கதைதான் வரும். "வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேளுங்கள், அவருடைய கதை வரும். யார் யாருடன் இருந்தார், வீட்டுக்கு எப்போது சேதி போனது, வீடு திரும்பியபோது முதலில் என்ன பார்த்தார் என்று கேட்டுக்கொண்டே போகலாம். அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது, ஆகவே தள்ளிப்போடாமல் கேளுங்கள். பேச்சு நின்றுபோனால் அவசரப்படுத்த வேண்டாம். காரில் இருந்தவர்களில் ஒருவர் அவருக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.